அசையாத புள்ளி

தாராவியில் அக்கா வீட்டு மாடியில்தான் நானும் இருந்தேன். அக்காவின் புருஷனை நான் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது எழுதும்போது 'அவர்' என்று போடக் கை வரவில்லை, அவன் என்றே எழுதுகிறேன்.

அவன் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, சீரடிக்கு நடந்தே வருவதாக அக்கா நேர்ந்துகொண்டாள். கால் சரியானது. சரியான காலாலேயே அவளை உதைத்தான். ஆனாலும் சாமிக்குப் பயந்தவன். நேர்த்திக்கடனைத் தடுத்தால் கால் மறுபடி போய்விடும் என்று நம்பினான். அதனால் தாராவியிலிருந்து வருஷாவருஷம் கிளம்பும் பாதயாத்திரைக் கூட்டத்தோடு அவளை அனுப்பச் சம்மதித்தான்.

அவளுடைய போனை ஏற்கெனவே சுவரில் அடித்து நொறுக்கியிருந்தான். புதுசு வாங்கித் தந்தால் யாரிடமாவது பேசுவாள் என்று பயம். ஆகவே ஜி.பி.எஸ். கருவி ஒன்று வேண்டும் என்றான்.

"அவ எங்க நிக்கா, எங்க போறான்னு எனக்குத் தெரியணும். நீதானட்டி கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருக்க, நல்லதாப் பாத்து வாங்கிட்டு வா" என்று என்னிடம் சொன்னான்.

அன்று தண்ணீர்க் குழாயடியில் அக்கா குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நான் திரும்பி வரப்போறதில்லட்டி. வந்தா செத்துருவேன்." அவள் உதட்டில் போன வாரத்துக் காயம் இன்னும் ஆறவில்லை.

ஐரோலியில் ஆபீஸ் முடிந்து, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நெருக்கியிருக்கும் லேமிங்டன் ரோட்டுக்குப் போனேன். கடைக்காரர் இந்தியில் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். எது எதைச் செய்யும் என்று அவர் சொல்லச் சொல்ல, எது எதைச் செய்யாது என்றுதான் நான் கேட்டேன். கைக்கடிகாரம் மாதிரி ஒன்று, கழற்றினால் உடனே செய்தி அனுப்பும். வேண்டாம். சின்ன வில்லை ஒன்று, அதற்கு போன் செய்தால் பக்கத்தில் பேசுவதெல்லாம் கேட்கும். அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது. கடைசியாக, லாரிகளில் ஒட்டும் கறுப்புப் பெட்டி. பின்னால் காந்தம். ஒருமுறை சார்ஜ் போட்டால் யாத்திரை முடியும்வரை தாங்கும். போனில் ஒரு புள்ளி காட்டும், வேறெதுவும் தெரியாது. மேடம், லாரி எத்தனை டன் என்றார். எங்க அத்தான் கனம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

அவன் அதைச் சும்மா நம்பவில்லை. பெட்டியை அக்காவின் பையில் போட்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, போனைப் பார்த்தபடி கட்டிலில் படுத்திருந்தான். வழியில் மழை. அவள் பூக்கடை ஓரம் ஒதுங்கி நின்றாள். புள்ளியும் நின்றது. வீட்டுக்கு வந்ததும், யாருக்காக நின்றாய் என்று கேட்டு அடித்தான். பெட்டியோடு வந்த சார்ஜர் வயரை இரண்டாக மடித்து அடித்தான். நான் தடுக்கப் போய் என் கழுத்திலும் விழுந்தது. அன்றைக்கே அவனைக் கொன்றிருப்பேன், அக்காதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யாத்திரையில் சாமி படத்தை வைத்து இழுத்துப்போக இரும்புத் தேர்வண்டி உண்டு. அது நடக்கிறவர்களின் வேகத்தில்தான் போகும். நாங்கள் பேசிவைத்தபடி, முதல் நாள் தங்குமிடத்தில் அக்கா அதன் அடியில் பெட்டியை ஒட்டினாள். உடம்பு முடியவில்லை என்று கூட்டத்தில் சொல்லிவிட்டு, லோக்கல் ரயில் பிடித்துச் செம்பூரில் என் தோழி வீட்டுக்குப் போனாள். தாராவிக்கும் செம்பூருக்கும் பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அவனோ கசாரா மலையில் ஏறும் புள்ளியைப் பார்த்து, நல்லாத்தான் நடக்கா என்று என்னிடமே மெச்சினான். கூட்டத்தில் யாருக்கும் அவன் போன் செய்யவில்லை. புள்ளி இருக்கும்போது மனுஷர் எதற்கு?

யாத்திரை முடியும் நாளில் அவளைக் கூட்டிவர அவனே சீரடிக்குப் பஸ் ஏறினான். வண்டிக்கடியில் பெட்டியைக் கண்டுபிடித்தான். அதை என் மூஞ்சியில் எறிய வேண்டும் என்று பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். பெட்டிக்கான கணக்கை அவன் போனில் திறந்து கொடுத்ததே நான்தான், என் போனிலும் அந்தப் புள்ளி தெரியும் என்பது அவன் மண்டையில் ஏறவேயில்லை.

புள்ளி சீரடியிலிருந்து கிளம்பியது, பஸ் வேகத்தில். நான் ஓடியிருக்கலாம். ஓடினால் அக்காவைத் தேடிப் போவான், அதோடு எனக்கு ஆத்திரம் வேறு. கீழே பை தைக்கும் பட்டறையில் வேலை செய்யும் பெண்களிடம் விஷயத்தைச் சொல்லி, ஷட்டர் இழுக்கும் கொக்கிக் கம்பியை வாங்கி வந்தேன். புள்ளி பக்கத்துச் சயானுக்கு வந்தபோது எழுந்து நின்றேன்.

உள்ளே வந்த வேகத்தில் பெட்டியை எறிந்தான். என் புருவம் கிழிந்து ஒரு கண் முழுக்க ரத்தம். அடுத்து என் முடியைப் பிடித்தான். மிச்சமிருந்த கண்ணால் பார்த்து அவன் மணிக்கட்டில் கம்பியை இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. சந்தோஷமாக இருந்தது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பட்டறைப் பெண்கள் ஏறி வந்து அவனைப் படியில் இழுத்துப் போட்டு மிதித்தார்கள். நான் அந்தப் பெட்டியை அடித்தேன், அது தூளாகும்வரை அடித்தேன்.

போலீஸ் வந்தது, கேஸ் ஆனது, ஜாமீனில் வெளியே வந்தான். பக்கத்திலேயே ஆண்டாப் ஹில்லில் பார்த்ததாக ஒருத்தர் சொல்கிறார், ஊருக்கே போய்விட்டான் என்கிறார் இன்னொருத்தர்.

அக்கா இப்போது செம்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறாள். காலையில் கிளம்புமுன் தன் புது போனில், புள்ளி தெரியும் அந்த வரைபடத்தைத் திறக்கிறாள். உடைந்த பெட்டி கடைசியாகக் கிடந்த இடத்தில், எங்கள் தாராவி வீட்டில், புள்ளி அப்படியே நிற்கிறது. பிறகு எனக்கு போன் செய்கிறாள்.

"அசையலல்லா?"

"இல்லக்கா."

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கும். பெட்டியை நான்தான் உடைத்தேன், இனி அந்தப் புள்ளி அசையவே முடியாது என்று அவளுக்குத் தெரியும்.