செல்லோ தந்தி அறுந்த சாயங்காலம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகை மாதச் சனிக்கிழமை. நாகர்கோவிலில் எங்கள் மிஷன் பள்ளிக்கூட ஹாலில் நடந்தது இது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்தப் பள்ளியிலேயே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் கொழும்பில் மாமா வீட்டில் தங்கிப் படிக்கப் போனவன். படிப்போடு ஒரு பறங்கி வாத்தியாரிடம் செல்லோவும் கற்று, ஆள் உயரப் பெட்டியோடு ஊரில் வந்து இறங்கினான். செல்லோ பார்வைக்கு வயலின் போலத்தான் இருக்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்து வாசிக்க வேண்டும். அப்பாவுக்குப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. "சவம், தோளில வச்சு வாசிச்சா போதாதா? இத வச்சிட்டு நீ எப்பிடிலே பிழைப்ப?" என்றார்.

மாமா அவனுக்கு இலங்கையிலேயே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கு வேலை பார்த்து வைத்திருந்தார். அண்ணனுக்கோ ஊரிலேயே இருந்து வாசிக்க ஆசை. அவன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவது, யாரோடு சேர்ந்து வாசிப்பது? எங்கள் நச்சரிப்புத் தாங்காமல் அப்பா கடைசியில் இறங்கி வந்தார். "ஒரு கச்சேரி வையி. நம்ம ஆளுவ கடைசி வர இருந்து கேட்டா நீ இங்கயே இரி. பாதியில கிளம்பிட்டாவன்னா, நீயும் கப்பலுக்குக் கிளம்பு."

ஹால் நிறைந்திருந்தது. ஞாயிறு ஆராதனைக்கு வருகிற அதே ஆட்கள், அதே வெள்ளை உடுப்பு. முதல் வரிசையில் அப்பா, மடியில் குடையோடு. நான் பியானோவில் பத்து விரலையும் ஓங்கி வைத்தேனோ இல்லையோ, சபை முழுக்க எழும்பி நின்றுவிட்டது! ஆராதனையில் பியானோக் கட்டைச் சத்தம் கேட்டால் எழும்பிப் பாட வேண்டும் என்று பழகிய கால்கள். ஒரு பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏட்டி, எந்தப் பாட்டு?" என்று என்னிடமே கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணனுக்குக் காது சிவந்துபோயிற்று. போதகர் கையமர்த்தி எல்லாரையும் உட்கார வைத்தார்.

பிறகு வாசித்தோம். நன்றாகவே வாசித்தோம். ஆனால் வார்த்தையில்லாத சீமைச் சங்கீதம். மரியாதைக்காக இருந்தார்கள், அவ்வளவுதான். மூன்றாவது உருப்படியின் நடுவில் படாரென்று ஒரு சத்தம். மழை ஈரத்தில் ஊறிப்போன மெல்லிய தந்தி அறுந்து அண்ணன் கன்னத்தில் அடித்தது. வேறு தந்தி மாட்டினான். அவசர அவசரமாக முறுக்கினான், புதுத் தந்தி முறுக்க முறுக்க இளகியது. "முடிஞ்சிது போல" என்று யாரோ சொல்ல, பின்வரிசையில் ஆட்கள் எழும்பினார்கள். அப்பா குடையைக் கையில் எடுத்தார். ஐயோ, அண்ணன் கப்பல் ஏறிவிட்டான் என்றே நினைத்தேன்.

யோசிக்கவெல்லாம் இல்லை. எங்கள் சபையில் குழந்தைக்கும் தெரிந்த ஒரு மாலைப் பாட்டின் முதல் அடியை ஓங்கி வாசித்தேன். வாசல்வரை போனவர்களும் அப்படியே திரும்பி நின்று பாடினார்கள்! மேல்குரல், நடுக்குரல் என்று பிரித்துப் பாட எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? கீழ்க்குரல் மட்டும் எப்போதும் அப்பா ஒருவர்தான். துணைக்கு ஒருத்தனும் இல்லை என்று ஞாயிறுதோறும் வீட்டில் வந்து புலம்புவார்.

இரண்டாம் சரணத்தில் அந்தக் குரலுக்குத் துணை வந்தது. அண்ணன் புதுத் தந்தியை விட்டுவிட்டு, மிச்சமிருந்த தடித்த தந்திகளில் அப்பாவின் வரியையே வாசித்தான். அப்பா பின்னால் திரும்பினார், பக்கத்தில் பார்த்தார், கடைசியில்தான் மேடையைப் பார்த்தார். பாட்டை நிறுத்தவில்லை. குரல் இன்னும் கூடிற்று.

பாட்டு முடிந்ததும் எல்லாரும் தாமாகவே உட்கார்ந்தார்கள். "அவசரப்படாத மக்கா, பைய மாட்டு" என்றார் அந்தப் பெரியம்மா. அண்ணன் நிதானமாகத் தந்தியைச் சரிசெய்து கடைசி உருப்படி வரை வாசித்தான். ஒருவரும் போகவில்லை.

வெளியே வந்ததும் அப்பா அவன் கன்னத்தில் விழுந்திருந்த சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "நோவுதாலே?" என்றவர், "நாளைக்கு ஆராதனைக்கு அந்தப் பெட்டியத் தூக்கிட்டு வா. எனக்குப் பக்கத்தில வந்து இரி" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்களை வெட்கப்பட வைத்த அதே பழக்கம்தான் என் அண்ணனை ஊரிலேயே இருக்க வைத்தது. அதனால் நான் வாசிக்கும்போது யார் எந்த நேரத்தில் எழும்பி நின்றாலும் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை.