காலியா இருந்தா உட்காருங்க

விமான நிலையத்திலிருக்கிற அந்த லவுஞ்சில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் அவளை ‘ஜோசியம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கழுத்தில் தொங்குகிற பாஸில் இருக்கிறது. அதை நுழைவாயில் காவலரைத் தவிர யாரும் படிப்பதில்லை. கைரேகை பார்க்கவோ நாள் நட்சத்திரம் சொல்லவோ அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஜோசியம் ஒன்றே ஒன்று. நூற்றிருபது நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களில் அடுத்து எழுந்திருக்கப் போவது யார் என்று சொல்லிவிடுவாள்.

இதென்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள், ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே கையில் தட்டோடு நின்று பார்க்க வேண்டும். எள் விழ இடம் இருக்காது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது பெரிய மனிதர்கள் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு தூங்குகிற இடமாக இருந்தது. பிறகு ஊரிலிருக்கிற பேங்குகள் எல்லாம் கார்டு வாங்கினால் லவுஞ்ச் இலவசம் என்று அறிவித்தன. ஓசி என்றால் எனக்கொன்று எங்கப்பனுக்கொன்று என்று கேட்கிற உலகம் இது. வரிசை லிப்ட் வரைக்கும் நீண்டது. உள்ளே வந்தவர்கள் பெட்டியைப் படுக்கப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்கள், பூந்தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்கள், ஒருவர் கை கழுவுகிற இடத்தில் சாய்ந்துகொண்டே சூப் குடித்தார். இத்தனைக்கும் வெளியே, விமானம் ஏறுகிற கேட்டுக்குப் பக்கத்தில், வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அங்கே உட்கார்ந்தால் சூப் கிடையாது, கௌரவமும் கிடையாது.

அவள் வேலை மேஜை துடைப்பது. தட்டு, கோப்பை, கசக்கிப் போட்ட காகிதம் எல்லாவற்றையும் வண்டியில் அள்ளிப் போட்டு, ஈரத்துணியால் ஒரு இழுப்பு, அடுத்த மேஜை. ஆறு வருஷம் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில் மனிதர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். சார்ஜர் ஒயரைச் சுருட்டுகிறவன் பத்து நிமிஷத்தில் போவான். தின்று முடித்த பிறகு ஒரு கேக் துண்டைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் தள்ளுகிறவன் மூன்று நிமிஷத்தில் போவான், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. கைப்பேசியில் நேரம் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவனை மட்டும் நம்பவே கூடாது. அவனுக்கு விமானம் தாமதம். எல்லாவற்றையும் விட நிச்சயமான அடையாளம் குதிகால். மனசு போவதென்று முடிவு செய்த அந்த நொடியிலேயே குதிகால் தரையை விட்டு ஒரு விரல் தூக்கிக்கொள்ளும். வாய் என்ன வேண்டுமானாலும் பேசட்டும், குதிகாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பாள்.

மேனேஜருக்கு இது தெரிந்த நாள் முதல் அவளுக்கு மேஜையோடு இந்த வேலையும் சேர்ந்துகொண்டது. முக்கியமான கெஸ்ட் யாராவது வந்தால் மேனேஜர் அவரை அழைத்துக்கொண்டு நேராக இவளிடம் வருவார். இவள் கண்ணாலேயே ஒரு நாற்காலியைக் காட்டுவாள். கெஸ்ட் போய்ப் பக்கத்தில் நிற்பார், நின்ற சூட்டோடு இடம் கிடைக்கும். பாராட்டு மேனேஜருக்குப் போகும். அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது, பேச்சில் ஒரு கடுமை இருக்காது, பெண்களை எல்லாம் ‘அம்மா’ போட்டுத்தான் பேசுவார். இப்படிப்பட்டவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இவள் பிழைப்பே நின்ற பிழைப்பு. பதினேழு வயதில் பென்சில் கம்பெனியில் பெட்டி அடுக்கப் போனாள், அங்கே நின்றுகொண்டு வேலை. கல்யாணத்துக்குப் பிறகு துணிக்கடையில் ஒன்பது வருஷம். அங்கே ஸ்டூல் இருந்தது, ஆனால் அதில் துணிதான் உட்காரலாம். பிறகு இந்த லவுஞ்ச். வீட்டுக்காரர் பேண்ட் ஓரம் மடித்துத் தைக்கிற தையல்காரர், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. உங்களுக்கு இடுப்பு போச்சு, எனக்குக் கால் போச்சு, ரெண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று அவரிடம் சொல்லிச் சிரிப்பாள். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக்கொண்டிருந்தது. வேலைக்கு நடுவில் கொஞ்சம் காலை நீட்டி உட்காரு, இல்லாவிட்டால் புண்ணாகி நடக்கவே முடியாமல் போய்விடும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அதற்கு ஒரு வழி இருந்தது. சமையலறைக்குப் பின்னால் பணியாளர்களுக்கென்று ஒரு சின்ன அறை, ஜன்னல் கிடையாது, நாலு நாற்காலி. ஷிப்டுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இருபது நிமிஷம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டிக்கொள்வாள். அந்த நாற்பது நிமிஷம்தான் அவளை மறுநாளும் வேலைக்கு வர வைத்தது.

அந்த அறையைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். கூட்டம் தாங்கவில்லை என்று லவுஞ்ச் பக்கமாகச் சுவரில் வழி வெட்டி, இரண்டு சோபாவும் ஒரு விளக்கும் போட்டு, ‘அமைதிப் பகுதி’ என்று பலகை மாட்டினார்கள். திறந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே ஒன்பது பேர், அதில் இரண்டு கைக்குழந்தைகள். அமைதி எந்தப் பக்கம் போனதென்று தெரியவில்லை. பணியாளர்கள் துணி அலமாரிக்குப் பக்கத்தில் நின்றபடி சாப்பிட்டார்கள்.

ஷிப்டு தொடங்குமுன் காபி மெஷின் அருகே தினமும் ஒரு கூட்டம் நடக்கும், பதினோரு பேர். அன்றைக்கு அவள் கேட்டாள், நாங்கள் எங்கே உட்காருவது என்று. மேனேஜர் அழகாகச் சிரித்தார்.

“அதுக்கென்னம்மா, லவுஞ்ச்ல சீட் காலியா இருந்தா தாராளமா உட்காருங்க. யாரு வேணாம்னா?”

எல்லாரும் சிரித்தார்கள். காலியாக இருந்தால்தானே. பாத்திரம் கழுவுகிற அண்ணன்கூடச் சிரித்துவிட்டு, பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். அவள் சிரிக்கவில்லை. “நிஜமாவா சார்?” என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றார் அவர், பதினோரு பேர் முன்னாலும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு அப்போது தெரியாது. அந்த லவுஞ்சில் எந்த நாற்காலி எப்போது காலியாகும் என்று தெரிந்த ஒரே ஆளிடம் போய் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நாலு பத்துக்கு அவள் பிரேக். கையுறையைக் கழற்றினாள், கை கழுவினாள், சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூன்றாவது தூணருகே பழுப்புக் கோட்டுக்காரர் கேக்கைப் பைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றாள். கோட்டு எழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு அம்மாள் ஓடிவருவதற்குள் இவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வருஷம் துடைத்த நாற்காலியில் முதல் தடவையாக உட்கார்ந்தாள். குஷனுக்குள் ஒரு கம்பி குத்தியது. இதற்கா இத்தனை அடிதடி என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தால் அவள் கை தானாகவே முன்னவர் விட்டுப்போன கோப்பைகளை அடுக்கி, காகிதத்தால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தது. சீ, அடங்கு என்று கையைத் திட்டினாள். அடுக்கின கோப்பைகளை மறுபடி இருந்த இடத்திலேயே பிரித்து வைத்துவிட்டு, டப்பாவைத் திறந்தாள்.

ஒன்பது நிமிஷம் நிம்மதியாகப் போனது. அப்புறம் மேனேஜர் வந்தார், கூடவே பெரிய பணக்காரர்களுக்கு மட்டும் பேங்க் கொடுக்கிற கறுப்பு கார்டோடு ஒரு கெஸ்ட். அந்தக் கெஸ்டை அழைத்துக்கொண்டு அவர் தேடி வந்தது இவளைத்தான், இடம் எங்கே கிடைக்கும் என்று கேட்க. ஜோசியக்காரியே நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டி அம்மாள் சமயம் பார்த்துப் புகார் வைத்தார், நாங்கள் எல்லாம் நிற்கிறோம், மேஜை துடைக்கிறவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று. சுற்றியிருந்தவர்கள் தட்டிலிருந்து கண்ணை எடுத்தார்கள்.

“எந்திரிம்மா” என்றார் மேனேஜர், தணிந்த குரலில்.

“பிரேக் சார். இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு.”

“கெஸ்ட் நிக்கிறாரு, தெரியலையா?”

“தெரியுது சார். காலியா இருந்தா உட்காருங்கன்னு நேத்து நீங்கதான் சொன்னீங்க. காலியா இருந்துச்சு, உட்கார்ந்தேன்.”

“அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது.”

“நான் அதை வார்த்தைன்னு எடுத்துக்கிட்டேன் சார்.”

மேனேஜர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, அந்த பாஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம், ஞாபகம் இருக்கட்டும் என்றார். பாஸ் போனால் வேலை போச்சு. மகளுக்குக் கடைசி வருஷப் படிப்பு, வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி. இந்தக் காலோடு இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் நிற்பது? வாயிலிருந்த கவளத்தை மெல்லுவதை நிறுத்தினாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சற்றுத் தள்ளி, தன் முறைக்காகக் காத்து நின்ற பாத்திரம் கழுவுகிற அண்ணன், சரி, எழுந்திருக்கப் போகிறாள் என்றே நினைத்தார்.

அவள் தலையை நிமிர்த்தினாள். கவளத்தை விழுங்கினாள்.

“பாஸ் வேணும்னா கழட்டிக்கங்க சார். பத்து நிமிஷம் கழிச்சு. இப்போ சாப்பிட்டுட்டு இருக்கேன்.”

கெஸ்ட் குறுக்கே புகுந்து, பரவாயில்லை, யார் எழுந்திருப்பார்கள் என்று நீ சரியாகச் சொல்லுவாயாமே, அதையாவது சொல்லேன் என்று கேட்டார். சொல்லத் தெரியும் என்றாள் அவள், ஆனால் அதுவும் வேலை, பிரேக் முடிந்த பிறகு கேளுங்கள். பக்கத்து நாற்காலியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் வந்ததிலிருந்தே வாசலில், கார்டு தேய்க்கிற பெண்ணிடம் யாரோ போட்டுக்கொண்டிருந்த சத்தம் இப்போது இன்னும் உயர்ந்தது. அவர் விறுவிறுவென்று அந்தப் பக்கம் போய்விட்டார்.

நாலு முப்பதுக்கு அவள் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். கெஸ்ட் ஒரு அடி எடுத்து வைத்தார். அதற்குள் பாத்திரம் கழுவுகிற அண்ணன் உட்கார்ந்துவிட்டார், ஈர ஏப்ரனோடு, ஊறி வெளுத்த கைகளை மடியில் வைத்துக்கொண்டு. அவருடைய இருபது நிமிஷம் தொடங்கியிருந்தது.

“இப்போ கேளுங்க சார்” என்றாள் அவள் கெஸ்டிடம். “ஜன்னலோரம் பச்சைச் சட்டை. ரெண்டு நிமிஷம். போய்ப் பக்கத்துல நில்லுங்க.”

ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பாஸை யாரும் கழற்றவில்லை. கழற்றினால் மறுநாள் முக்கியமான கெஸ்டுகளுக்கு யார் இடம் காட்டுவது? அதற்குப் பிறகு ஒன்பது நாள், ஒவ்வொரு பிரேக்கிலும், பணியாளர் யாராவது ஒருவர் கெஸ்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். எந்த நாற்காலி என்று அவள் புருவத்தால் காட்டுவாள், அவர்கள் போய் நிற்பார்கள். சீருடையோடு கெஸ்டுகள் மத்தியில் உட்காரக் கூடாது என்று மேனேஜர் சுற்றறிக்கை போட்டார். கையெழுத்துப் போட எல்லாரும் பேனாவை எடுத்தபோது, பின்னே எங்கே உட்காரலாம் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள் சார், கையெழுத்துப் போடுகிறோம் என்றாள். காகிதம் மேஜையிலேயே கிடந்து, காபி கொட்டி, அவளே அதைத் துடைத்து எடுத்துப் போட்டாள்.

பத்தாம் நாள் ‘அமைதிப் பகுதி’ பலகையை இறக்கினார்கள். லவுஞ்ச் பக்கத்து வழியைப் பலகை வைத்து அடைத்தார்கள். நாலு நாற்காலி திரும்பி வந்தது, அதில் ஒன்றுக்குக் கால் ஆடியது. வெளியே கூட்டம் ஒரு ஆள் குறையவில்லை, வரிசை லிப்டைத் தாண்டி நின்றது. அது பேங்க்காரர்கள் பாடு.

அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டினாள். எதிரே பாத்திரம் கழுவுகிற அண்ணன், ஆடுகிற நாற்காலியில் ஜாக்கிரதையாக உட்கார்ந்துகொண்டு, பத்து நாளாக மனசில் இருந்ததைக் கேட்டார்.

“அன்னைக்கு அவரு மிரட்டினப்போ ஏம்மா தலையைக் குனிஞ்ச? அவ்வளவுதான், பயந்துட்டன்னு நினைச்சேன்.”

“பயந்தேன்தான் அண்ணே” என்றாள் அவள். “ஆனா அவரு குதிகாலைப் பார்த்தேன். தூக்கியிருந்துச்சு. போகப் போற ஆளுக்கு முன்னாடி நான் எதுக்கு எந்திரிக்கணும்?”