கழிவு போக ஐந்து ராத்தல்

எனக்கு எடை தெரியும். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்காரத் துரையின் தேயிலைத் தோட்டத்தில் பதினோரு வயதிலிருந்து இலை பறித்தவள் நான். முதுகில் கூடை, தலையில் அதன் கயிறு. நிறைந்த கூடையோடு எடைக் கொட்டகைக்கு நடக்கும்போதே அதில் எத்தனை ராத்தல் என்று சொல்லிவிடுவேன். அப்போதெல்லாம் ராத்தல்தான், இன்றைய அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மற்ற பெண்கள் தங்கள் கூடைகளையும் என்னிடம் கொடுத்துக் கேட்பார்கள். நான் சொன்னதற்கும் தராசு முள் காட்டியதற்கும் அரை ராத்தல்கூட வித்தியாசம் வந்ததில்லை.

வித்தியாசமெல்லாம் ரைட்டர் வாயில்தான் வரும். எடை எழுதுகிற அந்த ஆள் முள்ளைப் பார்ப்பார், பிறகு "கூடைக்கு ரெண்டு கழிவு" என்று இரண்டு ராத்தல் குறைத்து எழுதுவார். இலை நனைந்திருந்தால் "ஈரத்துக்கு மூணு" என்பார். எங்கள் மலையில் நனையாத இலைக்கு எங்கே போவது? "மழைய நானுங்களா பேய வெச்சேன்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அதற்கு என்னை ஒரு வாரம் செங்குத்துச் சரிவில் பறிக்கப் போட்டார்கள். அதிலிருந்து கழிவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சுருக்கென்று ஏறும்.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் நான் முழுகாமல் இருந்தேன். ஏழாம் மாதம் வந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, உள்ளே இருப்பது ஒன்றல்ல, இரண்டு. கூடையில் இலையை இரண்டு மூட்டையாகக் கட்டிப் போட்டால் நடக்கும்போது ஒன்று இப்படிச் சாயும், மற்றொன்று அப்படிச் சாயும். முதுகு அதைக் கண்டுகொள்ளும். வயிறும் அப்படித்தான் சொன்னது. ஒரு சுமை பெரிது, வலது பக்கம் கிடந்தது. இன்னொன்று சிறிது, இடது விலாவுக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருந்தது.

தோட்டத்துக் கம்பவுண்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒண்ணுதான். பெரிய பையன், உள்ள எகிறிக் குதிக்கிறான்" என்றார். என் வீட்டுக்காரரின் அக்கா எங்களோடுதான் இருந்தாள். புருஷனை இழந்தவள், நல்ல உழைப்பாளி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "இவ கூடைய எடை போடற மாதிரி வயித்தயும் எடை போடறா" என்று தோட்டக் கூலிகள் குடியிருந்த லைன் வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். நான் விடவில்லை. இரண்டு குழந்தைகளை லைன் வீட்டு இருட்டு அறையில் பெற மாட்டேன், குன்னூர் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். எனக்குப் பயம் அந்தச் சின்னதைப் பற்றித்தான். பெரியது எப்படியும் வந்துவிடும். இன்னொன்று இருப்பதே யாருக்கும் தெரியாவிட்டால் அதை யார் வெளியே எடுப்பார்கள்?

வலி நாள் தள்ளி வரும் என்றிருந்தேன். மூன்று வாரம் முன்னாலேயே வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் ஃபேக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிறவர். அன்று காலை குன்னூர் ஸ்டேஷனுக்குப் பெட்டி ஏற்றிப் போகிற லாரி நின்றிருந்தது. டிரைவரிடம் கெஞ்சி, பெட்டிகளுக்கு நடுவே சாக்கு விரித்து என்னை உட்கார வைத்தார். நாத்தனார் பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் பெட்டிகள் ஒரு பக்கம் சாய்ந்தன, நான் ஒரு பக்கம் சாய்ந்தேன். டிரைவரைத் திட்டிக்கொண்டே குன்னூர் போய்ச் சேர்ந்தேன்.

பிரசவ வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தாள். கோயமுத்தூர்க்காரி, வட்டக் கண்ணாடி, சிரிப்பு என்பது மருந்துக்கும் கிடையாது. என்னைப் படுக்க வைத்த அரை மணியில் முதல் பிள்ளை பிறந்துவிட்டான். ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதான். குளிருக்குக் கம்பளித் துணியில் சுற்றி, ஆயா அவனைத் தராசுத் தட்டில் வைத்தாள். சிஸ்டர் முள்ளைப் பார்த்தாள்.

"அஞ்சே முக்கால். துணிக்குக் கால் கழிவு. அஞ்சரைன்னு எழுது."

கேட்டதும் எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ! உடம்பு படுக்கையில் கிடந்தது, வாய் மட்டும் எழுந்து நின்றது.

"எதுக்குங்க கழிக்கறீங்க? எம்புள்ளைலயுமா கழிவு?"

சிஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏம்மா, துணியும் உன் புள்ளையா?" என்றாள். ஆயா சிரித்துவிட்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அதற்குள் இடது விலாவுக்குக் கீழே அந்தச் சின்னச் சுமை நகர்ந்தது.

"சிஸ்டரம்மா, இன்னொண்ணு இருக்குதுங்க."

"நஞ்சுக்கொடி வரணும். அதுதான் கனமா இருக்கும். பேசாம படு."

"கொடி இல்லீங்க, புள்ள. கைய வெச்சுப் பாருங்க. இந்தப் பக்கம்."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. நான் காட்டிய இடத்தில் கையை வைத்தாள், அப்படியே நின்றாள். பிறகு ஆயாவை டாக்டரம்மாவிடம் ஓடச் சொன்னாள். டாக்டரம்மா வெள்ளைக்காரி. வந்ததும் ஏதோ இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே கை கழுவினாள். குழந்தை குறுக்கே கிடந்ததாம். திருப்பி எடுத்தார்கள். அந்த வலியை எழுத எனக்குத் தெரியாது, எழுதவும் ஆசையில்லை. வந்தது பெண். அவள் அழவில்லை. முதுகில் தேய்த்து, காலைத் தட்டிய பிறகு ஒரு முனகல் வந்தது. வாசலில் நின்ற நாத்தனாருக்குக்கூடக் கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது.

எடை போடுமுன் ஆயாவிடம் கேட்டு அவளை ஒரு நொடி கையில் வாங்கினேன். "துணியோட மூணரைங்க" என்றேன். முள்ளும் மூன்றரை காட்டியது. கழிவு போக மூன்றேகால். சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் என்னை அதட்டியதாக ஞாபகமில்லை.

டாக்டரம்மா ஒரு விதி போட்டுவிட்டாள். பெண் ஐந்து ராத்தல் வரும்வரை இந்தக் குளிரில் வெளியே கொண்டுபோகக் கூடாது, கொண்டுபோனால் தங்காது. ஐந்து வந்தால் வீட்டுக்குப் போகலாம். அன்றிலிருந்து எனக்கு உலகத்தில் வேறு எண் கிடையாது.

முதல் சில நாள் எடை ஏறவில்லை, இறங்கியது. தராசுக்கு முன்னால் என் கை அதைச் சொல்லிவிட்டது. அவளுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. மார்பில் வைத்தால் வாயைத் திறந்தபடி தூங்கிவிடுவாள். பையனோ குடிப்பதற்கென்றே பிறந்தவன். அவனை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கமும் பால் சுரந்து வழியும். அதைக் கிண்ணத்தில் பிடித்து, கண்ணுக்கு மருந்து விடுகிற கண்ணாடிக் குழாயால் சொட்டுச் சொட்டாக அவள் வாயில் விட்டேன். அண்ணன் பாலை இறக்கித் தந்தான், தங்கை குடித்தாள். அதற்கு இன்றுவரை அவன் கணக்குச் சொல்லிக் காட்டுகிறான்.

அடுத்தது குளிர். வார்டில் சன்னலைச் சாத்தினாலும் மூடுபனி எந்த வழியாகவோ உள்ளே வந்துவிடும். பிரம்புத் தொட்டிலில் வெந்நீர் பாட்டில்களை வைத்தார்கள், சூடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, ஒரு தேயிலப் பெட்டி கொண்டாங்க. புதுசா, நல்லதா. கப்பல்ல போற தேயிலைக்கே குளிரும் ஈரமும் ஏறாதுன்னு சொல்லுவீங்கல்ல."

"பெட்டிலயா புள்ள? பொண்ணயா?" என்று விழித்தார். ஆனாலும் மறுநாள் லாரியிலேயே அனுப்பிவிட்டார். சுற்றிலும் பலகையை இழைத்து, ஆணி முனை ஒன்றுகூட உள்ளே துருத்தாமல் அடித்திருந்தார். சிஸ்டர் உள்ளே பஞ்சைத் தடிமனாகப் பரப்பித் துணி விரித்து, பக்கங்களில் பாட்டில்களைச் சொருகினாள். சூடு நின்றது. டாக்டரம்மா மற்ற நர்சுகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

பதினைந்து நாள் கழித்து நாத்தனார் வந்தாள். பையனை மடியில் போட்டுக் கொஞ்சினாள். பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இத பாரு புள்ள, தோட்டத்து மேஸ்திரி கேக்கறாரு. இன்னும் ஒரு மாசத்துல வேலைக்கு வரலீன்னா பேரை வெட்டிருவாங்களாமா. பேரு போனா ஊடும் போயிரும். பையன் நல்லா இருக்கறான், எடுத்துட்டு வா. இத அவங்க பாத்துக்குவாங்க. இருந்தா இருக்குது, பொண்ணுதான."

அவள் கெட்டவள் இல்லை. லைன் வீட்டில் அவள் எத்தனை பிள்ளைகளைக் கழுவிப் புதைக்கக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த "பொண்ணுதான" எனக்குப் பொறுக்கவில்லை. ரைட்டர் முள்ளைப் பார்த்துவிட்டுக் குறைத்துச் சொல்வது போலவே இருந்தது.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஒண்ணோட வர மாட்டனுங்க" என்றேன். அவள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பிறகு வந்ததெல்லாம் ஒரே மாதிரி நாட்கள். திங்கட்கிழமைதோறும் எடை. மூன்றரை, நாலுக்குப் பக்கம், நாலேகால். ஒவ்வொரு முறையும் சிஸ்டர் சத்தமாகக் "கழிவு போக" என்பாள், நான் பல்லைக் கடிப்பேன். ஒருநாள் அவளே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள், ஏன் அந்தச் சொல்லுக்கு இப்படிக் கோபப்படுகிறாய் என்று. கூடைக் கழிவையும் ஈரக் கழிவையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மேஸ்திரி சொன்ன கெடுவுக்கு முந்தைய திங்கட்கிழமை வந்தது. அந்த வாரம் ஐந்து வராவிட்டால் என் பேர் போகும், வீடு போகும். இல்லாவிட்டால் பெண்ணை விட்டுவிட்டுப் போக வேண்டும். போன வாரம் கழிவு போக நாலரைக்கு மேல் கொஞ்சம்தான் வந்திருந்தது. சிஸ்டருக்கும் இதெல்லாம் தெரியும். தட்டில் வைக்குமுன் என் காதோடு சொன்னாள்.

"இன்னைக்குக் கழிவு கெடையாது. துணியோட என்ன வருதோ அதையே எழுதிடறேன். ஊட்டுக்குப் போ."

விதியைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த சிஸ்டர் எனக்காக இதைச் சொன்னாள். என் வாழ்நாளில் எடை எழுதுகிறவர் யாரும் சொல்லாத வார்த்தை. நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் பெண் என் கையில் இருந்தாள். அவள் எத்தனை என்று என் கைக்குத் தெரியும். சும்மா கொடுத்த ஐந்தோடு அவளைக் குளிரில் கொண்டுபோக எனக்கு மனமில்லை. அது அவள் சம்பாதித்த எடை, சொட்டுச் சொட்டாக. அதில் யார் தயவும் கலக்க வேண்டாம்.

"வேண்டாமுங்க. துணிய எடுத்துருங்க. வெறும் ஒடம்பா போடுங்க."

"குளிருமே."

"ஒரு நிமிசந்தானுங்க."

துணியை உருவி அவளைத் தட்டில் வைத்தாள். குளிர் பட்டதும் என் மகள் அழுதாள் பாருங்கள், அழத் தெரியாமல் பிறந்தவள், அண்ணனைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஓர் அழுகை. பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். முள் ஆடி ஆடி, ஐந்தைத் தாண்டி ஒரு மயிரிழை போய் நின்றது.

சிஸ்டர் ஒன்றும் கழிக்காமல் எழுதினாள். கழிக்க ஒன்றும் இல்லை. பிறகு பெண்ணைச் சுற்றத் துணியை எடுத்தாள்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டரம்மா" என்றேன்.

கெடு முடிகிறதென்று என்னைக் கூட்டிப்போக வந்த நாத்தனார் அப்போதுதான் மூச்சு வாங்க வார்டு வாசலில் நுழைந்துகொண்டிருந்தாள். அவளும் ஒருமுறை அந்த முள்ளைப் பார்க்கட்டும் என்று காத்திருந்தேன்.