சித்தப்பா திருத்திய சீனக் கட்டுரை

அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர், அப்பா இருந்தபோது அவரைக் கிறுக்கு என்றவர்கள். வருஷத் திதிக்கு வந்திருக்கிறீர்கள். சாப்பிட்டுவிட்டு இதையும் படித்துவிட்டுப் போங்கள்.

அப்பா பிறந்தது மன்னார்குடிக்குப் பக்கத்தில். தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் படிக்கவைத்தவர் அப்பாதான். துபாயில் ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு அம்மாவும் நானும் அவருடன் அங்கே சத்வா பகுதியில் குடியிருந்தோம். வீட்டுக்குக் கீழே முருகேசன் அண்ணனின் தையல் கடை. தம்பிக்கும் அப்பாவே விசா எடுத்தார். வந்த சித்தப்பா, அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஆசிரியர் ஆனார்.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஓர் ஆங்கிலப் புத்தகம் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்து அறிஞர்கள் சிலர், படித்தவர்களுக்கு மட்டுமே விளங்கிய பழைய நடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஜனங்கள் பேசுகிற மொழியில் எழுதக் கிளம்பிய வரலாறு அது. அதை மலருக்குக் கட்டுரையாக எழுத நான்கு மாதம் உழைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் தையல் கடையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். முருகேசன் அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, "இந்த எடம் வெளங்கலண்ணே" என்றால், அந்த வரியை அங்கேயே அடித்துவிடுவார்.

"நம்ம சைட்ல வேல பாக்குறவனுக்கு வெளங்காத தமிழ யாருக்காக எழுதுறோம்?" என்று அப்பா தொடங்கியிருந்தார்.

மலர் வந்த அன்றே கடைக்கு எடுத்துவந்து ஆசையாகப் பிரித்து வாசித்தார். "கட்டுமானக் களத்தில் உடலுழைப்பு நல்கும் பாமரர் உணரவியலாப் பைந்தமிழ் எவர்பொருட்டு?" என்று அச்சாகியிருந்தது. கடைசி வரை அப்படியே. அப்பா பாதியில் நிறுத்தினார்.

"நல்லாத்தாண்ணே இருக்கு," என்றார் முருகேசன் அண்ணன். "ஒங்களது எந்தப் பக்கத்துல வருது?"

அப்பா மலரை மூடி எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சபை மரியாதன்னு ஒண்ணு இருக்குல்லண்ணே. நீங்க எழுதுனதப் போட்டிருந்தா ஊரே சிரிச்சிருக்கும். ஒங்க பேரக் காப்பாத்திக் குடுத்திருக்கேன்," என்றார் சித்தப்பா.

அதன்பின் அப்பா ஒரு பக்கம்கூட எழுதவில்லை. ஊர் திரும்பிய பிறகு, சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "அத அப்படியே போட்டிருக்கலாம்மா" என்று என்னிடம் சொன்னார். சித்தப்பாவை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

மரியாதைக்காக இந்தக் கட்டுரையையும் அவருக்கு அனுப்பினேன். தம்மைப் பற்றிய இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, மிச்சத்தை "அன்னாரது ஈகையும் வாய்மையும்" என்று மாற்றி அனுப்பியிருந்தார்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும், டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டாருக்கும், கடையைப் பூட்டிவிட்டுக் காரியத்துக்குப் பறந்துவந்த முருகேசன் அண்ணனுக்கும் எங்கள் நன்றி. அச்சுக்குக் கொடுக்குமுன் அண்ணனுக்கு இதைப் போனில் முழுக்க வாசித்தேன். ஒரு வரி விளங்கவில்லை என்றார், அடித்துவிட்டேன்.

சித்தப்பா, நீங்கள் அடித்த வரிகள் எல்லாம் இருக்கின்றன.