முப்பத்திரண்டு மணித்தியாலக் குறை

குணவதி கடைக்குள் நுழைவதைக் கண்டாலே ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரங்கநாதன் பில் புத்தகத்தைக் கையில் எடுத்துவிடுவார். தேயிலை, சீனி, பிஸ்கட் எல்லாம் ஒரு பில். அது வகுப்புக்கு. பருப்பும் மிளகாய்த்தூளும் இன்னொரு பில். அது வீட்டுக்கு. சரஸ்வதி பூசை வந்தால் கற்பூரத்துக்கும் கடலைக்கும் மூன்றாவதாக ஒன்று, ஏனென்றால் அரசாங்கம் தந்த காசில் சாமி கும்பிடக் கூடாது.

“ஏம்மா, எல்லாம் ஒரே பையிலதான போகுது? இதுக்குப் போயி மூணு பில்லா?” என்று திருச்சிக்காரரான அவர் அலுத்துக்கொள்வார்.

“பை ஒண்டுதான் அண்ணை. காசு வேற வேற” என்பாள் குணவதி.

ஊரில் பதினொரு வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதியவள் அவள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய் கணக்கில் குறைந்தாலும் சாப்பாடு இறங்காது. ஆக்லாந்துக்கு வந்தபின் மனுகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தட்டச்சு வேலை. வாரத்தில் ஐந்து நாள் அங்கே விரல் தேய்ந்தபின், சனிக்கிழமையில் கால் நீட்டி ஓய்வெடுக்கலாம்தான். கணவர் இராசரத்தினம் அதைத்தான் செய்தார். இவளால் முடியவில்லை. அதற்குக் காரணம் புஷ்பவதி.

புஷ்பவதி அகதியாக வந்து மவுண்ட் ரோஸ்கிலில் குடியேறியவள். ஒருநாள் குணவதிதான் அவளை டொக்டரிடம் காரில் கூட்டிப்போனாள். அறைக்குள் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு, “வேண்டாம் அக்கா, பிள்ளை கதைப்பாள்” என்று பத்து வயது மகள் பிரணவியைக் கூட்டிக்கொண்டு போனாள் புஷ்பவதி. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. பிரணவி வெளியே ஓடிவந்து, எல்லோர் முன்னாலும், “அன்ரி, வாட் இஸ் கருப்பை?” என்று கேட்டாள். அந்தக் குழந்தையின் முகம் வெளிறிப்போயிருந்தது. தாய்க்கு எத்தனை நாளாக இரத்தம் போகிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை டொக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். குணவதிக்கு அன்று இரவு வந்த கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம் வந்தால் அவள் விண்ணப்பம் எழுதுவாள். அப்படி எழுதியதுதான் பெண்களுக்கான ஆங்கில வகுப்பு.

1996 பெப்ரவரியில் அரசின் உதவித்தொகை கிடைத்தது, நாலாயிரத்து எண்ணூறு டொலர். மவுண்ட் ரோஸ்கிலில் ஒரு தேவாலயத்து மண்டபத்துக்கு வாடகை, மலேசியாவிலிருந்து வந்த ஆசிரியை எலிசபெத்துக்குச் சம்பளம், தேநீர்ச் செலவு. இவ்வளவுக்கும் போதும். ஆனால் பணத்தோடு நாற்பது பக்க விதிப்புத்தகமும் வந்தது. குணவதி அதை மற்றவர்கள் தேவாரம் படிக்கிற பக்தியோடு படித்தாள். அதில் முக்கியமான விதி இது: அரசு தன் பங்கைத் தரும், சமூகமும் தன் பங்கைப் போட வேண்டும். காசாக இல்லாவிட்டால் உழைப்பாக. வருடத்துக்கு இருநூறு மணித்தியாலம் சம்பளமில்லாத வேலை. ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தந்த வாரமே தாளில் எழுதப்பட வேண்டும். அதைக் கண்ணால் கண்ட ஒருவரும் எழுத்தில் சாட்சி வைக்க வேண்டும்.

இருநூறு என்ன, எங்கள் ஆட்கள் இரண்டாயிரம் செய்வார்கள் என்று குணவதி நினைத்தாள். செய்தார்கள்தான். யோகராணி எல்லோருக்கும் மதியச் சோறு சமைத்தாள். நிலானி பக்கத்து அறையில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் நாலைந்து பேர் மண்டபத்தைக் கூட்டித் துடைத்தார்கள். ஆனால் மாதக் கடைசியில் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் எல்லாம் வெறுமை. யோகராணியின் தாளில் மட்டும், எத்தனை மணித்தியாலம் என்ற கட்டத்துக்குள் ‘சும்மா செய்தது’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

“என்ன யோகராணி இது?”

“நான் என்ன கூலிக்கே வந்தனான் அக்கா, மணிக்கணக்கு எழுத? நாலு சனத்துக்குச் சோறு போட்டிட்டுக் கணக்கு எழுதினா, போட்ட சோத்துக்கு என்ன மரியாதை?”

குணவதி கெஞ்சினாள், விளக்கினாள், கடைசியில் கத்தினாள். மார்ச் போனது, ஏப்ரல் போனது, மே போனது. ஜூனில் எலிசபெத்துக்குத்தான் ஒரு யோசனை வந்தது. “அக்கா, நீங்க திட்டினா எழுத மாட்டாங்க லா. பாடமா குடுத்துப் பார்ப்போம்” என்றாள். ஏற்கெனவே அவள் ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு கொப்பி கொடுத்து, தினமும் கண்டதை ஆங்கிலத்தில் ஒரு வரியாவது எழுதச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமைதோறும் திருத்தித் தேதி போட்டு ஒப்பமிடுவாள். புஷ்பவதி மட்டும் அதற்குள் மூன்றாவது கொப்பிக்கு வந்துவிட்டாள். எலிசபெத்தைத் தவிர யாருக்கும் காட்டமாட்டாள், வெட்கம். இப்போது வேலைத் தாளும் வகுப்பில் ஒரு பாடமாகியது. சமையல்கட்டிலிருந்து யோகராணியையும் இழுத்துவந்து உட்காரவைத்தார்கள்.

எழுதத் தொடங்கினார்கள். குணவதி மூச்சு விட்டாள். ஆனால் முதல் வாரத் தாள்களைப் பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டாள். யோகராணி எழுதியிருந்தாள்: சமையல் மூன்று மணித்தியாலம். அதில் கதைத்தது அரை மணித்தியாலம், கழிக்கவும். நிலானி, பிள்ளைகள் நித்திரையாக இருந்த நேரம் முழுவதையும் கழித்திருந்தாள். இன்னொருத்தி தேநீர் குடித்த பத்து நிமிடத்தைக் கூட விடவில்லை.

“கதைக்கேக்கையும் கை வெங்காயம் வெட்டிக்கொண்டுதானே இருந்தது?” என்றாள் குணவதி.

“எல்லா நேரமும் இல்லை அக்கா. உங்கடை அரசாங்கத்துக்குப் பொய் எழுதி நான் பாவம் தேடமாட்டன்.”

இப்படி ஒரு சனத்தை வைத்துக்கொண்டு கணக்குக் காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நவம்பர் கடைசியில் கடிதம் வந்தது. உதவித்தொகை தந்த அரசு அலுவலகத்திலிருந்து மார்கரெட் என்ற அதிகாரி சனிக்கிழமை வகுப்புக்கே நேரில் வந்து கணக்குப் பார்ப்பார். சமூகத்தின் பங்கு குறைந்தால், குறைந்த அளவுக்குப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். அடுத்த வருடத்துக்கு உதவியும் கிடையாது. வியாழக்கிழமை குணவதி சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பிக் கூட்டினாள். நூற்று அறுபத்தெட்டு. மறுபடி கூட்டினாள். அதே நூற்று அறுபத்தெட்டு. முப்பத்திரண்டு மணித்தியாலம் குறைகிறது. வகுப்பு நின்றால் பிரணவி மறுபடியும் டொக்டரின் அறைக்குள் போக வேண்டியதுதான்.

இராசரத்தினம் கண்ணாடியைத் துடைத்தபடி வந்து பார்த்தார். “பெப்ரவரியிலை இருந்து மே மட்டும் நிரப்பின தாள் ஒண்டும் இல்லையே? அந்த நாலு மாதமும் நீரே எழுதிவிடுமன். அவை சமைச்சது பொய்யே?”

“சமைச்சது மெய். அப்பவே எழுதினது எண்டு காட்டுறதுதான் பொய்.”

“ஆருக்குத் தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியும்தானே” என்றாள். அவர் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். நல்ல மனிதர்தான், கணக்கு விஷயத்தில்தான் கொஞ்சம் தாராளம்.

சனிக்கிழமை மார்கரெட் வந்தார். நரைத்த தலை, தடித்த கண்ணாடி, அவசரமில்லாத கை. பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கற்பூரமோ கடலையோ வகுப்புக் கணக்கில் ஓரிடத்திலும் இல்லை. பிறகு வேலைத் தாள்களை எடுத்தார். யோகராணியின் தாளில் கண் நின்றது. “இது என்ன, கழித்தல்?” என்று கேட்டார். எலிசபெத் விளக்கினாள். மார்கரெட் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். இருபது வருடமாக இந்த வேலை செய்கிறேன், கூட்டி எழுதியவர்களைத்தான் கண்டிருக்கிறேன் என்றார். ஆனால் சிரித்தவர் கூட்டலையும் போட்டார்.

“முப்பத்திரண்டு குறைகிறதே, திருமதி இராசரத்தினம். முதல் நாலு மாதத்துக்கு நிரப்பிய தாளே இல்லையா?”

“இல்லை” என்றாள் குணவதி. பின்னால் வகுப்புப் பெண்கள் பென்சிலைக் கீழே வைத்தார்கள்.

மார்கரெட் பேனாவை வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “இந்தப் பெண்களை யார் காரில் கூட்டிவருவது? இந்தக் கணக்கெல்லாம் யார் எழுதுவது?”

“நான்தான்.”

“உங்கள் தாள் எங்கே?”

குணவதி விழித்தாள். பத்து மாதமாக ஊரையே தாள் எழுதச் சொல்லித் துரத்தியவளுக்குத் தன் பெயரில் ஒரு தாள் எடுக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. “நான் சும்மா...” என்று தொடங்கி, யோகராணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். யோகராணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். “எழுதவில்லை. யாரும் சாட்சியும் இல்லை” என்றாள் குணவதி.

“மீ” என்றது ஒரு குரல்.

புஷ்பவதி எழுந்து நின்றாள். பையிலிருந்து கொப்பிகளை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். “ஐ சீ. எவ்ரி சற்றர்டே. ஐ ரைட்” என்றாள் அதிகாரியின் முகத்தைப் பார்த்தே. பக்கத்தில் பிரணவி இல்லை. யாருமே மொழிபெயர்க்கவில்லை.

மார்கரெட் முதல் கொப்பியைத் திறந்தார். பெப்ரவரி முதல் வகுப்பு நாள். பென்சிலால், கோணல் ஆங்கிலத்தில்: குணா அக்கா கம் 9.10. குணா அக்கா கோ 1.30. கீழே எலிசபெத்தின் சிவப்பு ஒப்பமும் தேதியும். அடுத்த சனிக்கிழமை: குணா அக்கா கம் 9.05. குணா அக்கா கோ 1.40. அதற்கடுத்தது: ரெயின். குணா அக்கா நோ அம்பிரெல்லா. கம் 9.15. பாவம், அப்போது புஷ்பவதிக்குத் தெரிந்த ஆங்கிலமே அவ்வளவுதான். வருவது, போவது, மணி பார்ப்பது. அந்த நாட்டில் அவள் வாசலுக்குக் காலையில் காரோடு வந்ததும், மதியம் இறக்கிவிட்டுப் போனதும் குணா அக்கா ஒருத்திதான்.

மார்கரெட்டின் விரல் பக்கம் பக்கமாக இறங்கியது. எட்டாவது சனிக்கிழமையில் முப்பத்திநாலு மணித்தியாலம் தாண்டியது. “அந்த வாரமே எழுதப்பட்டது, கண்டவர் எழுதியது, தேதியோடு ஒப்பமும் இருக்கிறது. விதி கேட்பது இதைத்தான். உங்கள் ஒப்பம் மட்டும் வேண்டும்” என்று ஒரு புதுத் தாளை நீட்டினார்.

குணவதிக்குத் தாளிலிருந்த எழுத்தே தெரியவில்லை, கண் அப்படி நிறைந்திருந்தது. இவள் ஆங்கிலம் படிக்க நான் வகுப்பு வைத்தேன், இவள் என்னை எழுதி வைத்திருக்கிறாளே என்று நினைத்தாள். பேனாவை வாங்கினாள். ஆனால் பேரேடு எழுதிய புத்தி போகுமா? கை பாதியில் நின்றது.

“இடையில் பத்துப் பத்து நிமிடம் தேநீர் குடித்தேன். கதைத்தும் இருப்பேன். அதைக் கழித்துவிட்டு...”

“நோ” என்றாள் புஷ்பவதி. அந்த மண்டபத்தில் அவள் குரல் அவ்வளவு உரக்க அதற்குமுன் கேட்டதில்லை. “நோ மைனஸ்!”

குணவதி ஒப்பமிட்டாள்.