தோற்கடிக்க வந்தவள்

லோகப்பிரியா கோவையில் பொது நிர்வாகம் படித்தவள். முதல் வேலையே ஈஸ்வரமூர்த்தியின் தேர்தல் பிரசாரம்தான். அவர் சட்டமன்றத்துக்கு நின்ற முதல் தடவை அது. கருமண்பாளையத்தில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறைதான் குடிதண்ணீர் வரும். வீடு வீடாக ஏறி இறங்கி அதைக் கணக்கெடுத்தாள். புதுக் குழாய்த் திட்டத்தை எழுதியவளும் அவள்தான். "ஜெயிச்ச ஆறே மாசத்துல தண்ணி வருமுங்க, நான் சொல்றேன்" என்று பெண்களிடம் வாக்குக் கொடுத்தாள். அவளை நம்பி ஊரையே திரட்டியவள், விசைத்தறி ஓட்டும் பழனாத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி ஜெயித்தார். ஒன்றரை வருடம் கழித்துக் குழாயும் வந்தது. ஆனால் ஊருக்குள் வராமல், அவர் மச்சான் போட்ட வீட்டுமனைப் பக்கம் திரும்பிப் போனது.

ஊர்க்கூட்டத்தில் பழனாத்தாள் எழுந்து கேட்டாள். மேடையில் இருந்த ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். "அந்தப் புள்ள ஓட்டு வாங்கறதுக்கு என்னென்னமோ அளந்து உட்டிருக்குது. அதுக்கெல்லாம் நானா பொறுப்பு? அதை அப்பவே வேலைய உட்டு அனுப்பிப்போட்டேன்." கடைசி வரிசையில் நின்றிருந்த லோகப்பிரியாவுக்கு அந்தச் செய்தியே அப்போதுதான் தெரியும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உன்ற மூஞ்சிக்குத்தான ஓட்டுப் போட்டோம்" என்றாள் பழனாத்தாள், அவளைப் பார்த்து. அந்தப் பார்வை லோகப்பிரியாவை வருடக்கணக்கில் தூங்கவிடவில்லை.

அவள் அழவில்லை, யாரிடமும் புலம்பவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனுவாகப் போட்டாள். பதினேழாவது மனுவுக்குக் கைக்கு வந்தது, குழாயைத் திருப்பச் சொல்லி ஈஸ்வரமூர்த்தி கையெழுத்துப் போட்ட பரிந்துரைக் கடிதத்தின் நகல். உடனே வெளியிட்டால் ஒரு வாரம் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். அடுத்த தேர்தல் வரட்டும் என்று பத்திரப்படுத்தினாள்.

தேர்தல் வந்தது. எதிர்த்து நின்றவர் உக்கடத்து வக்கீல் சஃபியா. லோகப்பிரியா நேராக அவர் அலுவலகத்துக்குப் போனாள்.

"தண்ணிக்காக வந்தியா, அவருக்காக வந்தியா?" என்று கேட்டார் சஃபியா.

"அவரைத் தோக்கடிக்கத்தானுங்க்கா. தண்ணி உங்க வேலை."

சஃபியா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

லோகப்பிரியா தேடிப் போனபோது பழனாத்தாள் இரண்டு முறை கதவைச் சாத்தினாள். மூன்றாம் முறை, லோகப்பிரியா ஜன்னல் வழியாகக் கடிதத்தை நீட்டினாள். நின்றபடியே அதைப் படித்துவிட்டு, "இதை நான் வெச்சுக்கறேன்" என்றாள் பழனாத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி ஓட்டுக் கேட்டு வந்த அன்று, ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றதும் அவள்தான். அவர் பொட்டுக்குக் குனிந்தார். அவள் வண்டியிலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டாள். "ஏனுங்க, ஒரு காயிதம் படிக்கோணுங்க" என்று சொல்லி, தேதி முதல் கையெழுத்து வரை நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஐம்பது செல்போன்கள் படம் பிடித்தன.

"யாரு பார்த்த வேலை இது?" என்று கத்தினார் அவர்.

தெருவிளக்குக் கம்பத்தடியிலிருந்து கை தூக்கினாள் லோகப்பிரியா. "நாந்தானுங்க. நல்லா இருக்கீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி அறுநூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றார். வாக்கு எண்ணும் இடத்தில் அவர் பின்வாசல் வழியாகத்தான் நழுவுவார் என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்தே அங்கே நின்றாள்.

"உனக்கு என்ன கண்ணு கெடைச்சுது?" என்றார் அவர். முகம் வெளிறியிருந்தது.

"இந்த மூஞ்சியப் பாக்கறதுக்குத்தானுங்க வந்தேன். பாத்துட்டேன்."

இரக்கம் வரும் என்று பயந்துகொண்டிருந்தாள். வரவில்லை. அன்று இரண்டு பேர் சாப்பிடுவதை ஒருத்தியாகச் சாப்பிட்டாள்.

இப்போது சஃபியாவின் அலுவலகத்தில் திட்டக் கோப்புகள் எல்லாம் அவள் பொறுப்பு. கருமண்பாளையத்துக்கு நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது. பழனாத்தாள் அவளைக் கண்டால் தலையசைப்பாள்; வீட்டுக்குள் கூப்பிடுவதில்லை.

போன வாரம் ஒரு செய்தி வந்தது: ஈஸ்வரமூர்த்தி அவிநாசிப் பக்கம் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கப்போகிறாராம். லோகப்பிரியா ஒரு மாத விடுப்பு கேட்டாள்.

"போதும், லோகா. அந்த ஆளு முடிஞ்சு போனாரு" என்றார் சஃபியா.

"எனக்கு இன்னும் முடியலீங்க்கா" என்று சொல்லிவிட்டு, அவள் அவிநாசி பஸ் ஏறினாள்.