முழுத் தேங்காய் வென்ற சனிக்கிழமை

லண்டனில் நோர்பரியிலிருந்து வெம்பிளி வரைக்கும் ஆரையும் கேட்டுப் பாருங்கள், ஐந்நூறு பேர் வருகிற கலியாணத்துக்கு ஆர் சமைக்கிறது என்று. என் பேரைத்தான் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு சோதினையும் பாஸ் பண்ணாதவள் நான். என் தமிழும் நாலாம் வகுப்போடு நின்றுபோன தமிழ். ஆனால் இந்தக் கையால் தொட்டுச் சரிவராமல் போன காரியம் ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் கெட்டுப்போனது ஒரே ஒரு காரியம். அது கையால் கெட்டதில்லை, வாயால் கெட்டது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் லண்டனுக்குள் இருக்கவில்லை. ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளி ஓர் இங்கிலீஸ் கிராமத்தில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே பெற்றோல் ஷெட்டில் வேலை. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் வீடு. ஊரில் ஒரு தேவாலயம், வாத்து நீந்துகிற ஒரு குளம், நடுவில் பெரிய புல்வெளி. எல்லாரும் எங்களுக்குக் குட் மோர்னிங் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எங்கள் நிறத்தில் வேறு ஒருவரும் அங்கே இல்லை. எனக்கு ஒன்பது வயது. வெள்ளைக்காரப் பெடியன்களோடு குளத்தில் கல்லெறிந்து, மூன்றே மாதத்தில் ஊரில் குறி தவறாத பிள்ளை என்று பேர் எடுத்துவிட்டேன்.

அண்ணை மட்டும் கொழும்பில் நின்றார். பதினெட்டு வயது. எங்கள் மூன்று பேருக்குத்தான் அப்போது வழி கிடைத்தது. பொலிஸுக்குப் பயந்து லொட்ஜில் ஒளிந்து ஒளிந்து இருந்தவர், சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு எங்களுக்குப் போன் எடுப்பார். ஷெட் முதலாளி தன் போனைத் தொட விடமாட்டார். அதனால் புல்வெளியோரத்தில் நின்ற சிவப்பு ரெலிபோன் பெட்டியின் நம்பரை அப்பா கடிதத்தில் எழுதி அனுப்பியிருந்தார். அம்மாவும் நானும் ஒரு மணிக்கே போய்க் காவல் நிற்போம். மூன்று நிமிடத்தில் லைன் வெட்டிவிடும்.

ஒரு சனிக்கிழமை அண்ணை அம்மாவிடம் ஒரு செய்தி சொன்னார். ஏஜென்சிக்காரன் ஒருவன் பெடியளைச் சேர்க்கிறானாம், வெளிநாட்டுக்குக் கப்பலில் கொண்டுபோவானாம், வான் வந்தால் உடனே ஏறவேண்டுமாம். அப்பா ஓம் என்றால் போகிறேன், இல்லையென்றால் நிற்கிறேன், அடுத்த சனி முடிவு சொல்லுங்கோ என்றார். அப்பா லண்டனில் ஃபாரஸ்ட் கேட்டுக்குப் போய் அறிந்த ஆட்களிடம் விசாரித்தார். அந்த ஏஜென்சிக்காரனோடு வெளிக்கிட்ட ஒருத்தரும் கரை சேரவில்லை என்றார்களாம். அடுத்த சனி அப்பாவுக்கு ஷிப்ட். “போகவேண்டாம் எண்டு மட்டும் சொல்லு, வேற கதை கதையாதை,” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அறிந்தது. பெரிய ஆட்கள் கதைக்கும்போது பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்கிற வீடு எங்களுடையது.

அந்தச் சனிக்கிழமை பார்த்துப் புல்வெளியில் ஊர்க் கொண்டாட்டம். தேரும் இல்லை, மேளமும் இல்லை. கேக் விற்றார்கள், வடிவான நாய்க்குப் பரிசு கொடுத்தார்கள். ஒரு மூலையில் வரிசையாகக் கம்பு நட்டு, ஒவ்வொரு கம்பின் உச்சியிலும் ஒரு முழுத் தேங்காயை வைத்திருந்தார்கள். பந்தால் எறிந்து விழுத்தினால் தேங்காய் நமக்கு.

அந்த ஊருக்கு வந்தபிறகு நாங்கள் முழுத் தேங்காயைக் கண்ணால் கண்டதில்லை. பைக்கற்றில் வருகிற காய்ந்த தேங்காய்ப்பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் அம்மா சம்பல் செய்வார்.

“தேங்காய்க்குப் பந்தாலை எறியினம். விசர்ச் சனம்,” என்றார் அம்மா. ஆனால் பார்வை அந்தப் பக்கத்தை விட்டு எடுபடவில்லை.

“நான் விழுத்துவன் அம்மா.”

“பொம்பிளைப் பிள்ளை சபை நடுவிலை நிண்டு எறியிறதோ? பேசாமல் நில்.”

அம்மா இன்னொருமுறை தேங்காயைப் பார்த்தார்.

“எத்தினை பந்து தருவினமாம்?”

மூன்று பந்து. முதல் இரண்டும் உரசிக்கொண்டு போயின. பின்னால் நின்ற பெடியன்கள் கெக்கட்டமிட்டுச் சிரித்தார்கள். மூன்றாவது, தேங்காயைக் கம்போடு சாய்த்தது. சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டன.

அம்மா தேங்காயைக் காதோடு வைத்துக் குலுக்கித் தண்ணீர்ச் சத்தம் கேட்டார். இங்கிலாந்துக்கு வந்தபிறகு அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்ததில்லை. “இரண்டுக்கு இன்னும் பத்து நிமிசம் கிடக்கு. பிள்ளையாரை நினைச்சு உடைச்சுப்போட்டு வருவம். என்ர பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது,” என்றார்.

உடைக்க எங்கே கல்? எங்கும் மெத்தென்ற புல். புல்வெளி நடுவில் மட்டும் ஒரு கல்தூண், கீழே மூன்று படி, பார்த்தால் கோயில் வாசல் மாதிரி. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், கண்ணை மூடிக் கும்பிட்டு, ஓங்கி ஒரு அடி. தேங்காய் நாலு பக்கமும் சிதறியது.

சனம் திரும்பிப் பார்த்தது. தேவாலயத்தில் மணி அடிக்கிற கிழவர் கத்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். “சண்டையிலை செத்த ஊர்ப் பெடியளின்ர பேராம் அம்மா இதிலை கிடக்கிறது. இவரின்ர தமையன்ர பேரும் கிடக்காம். ஏன் இதிலை குப்பை கொட்டுறாய் எண்டு கேக்கிறார்.”

அம்மா படியில் முழங்காலில் இருந்து, “சொறி, சொறி” என்று மன்னிப்புக் கேட்டபடி சிரட்டைத் துண்டுகளைச் சேலைத் தலைப்பில் பொறுக்கினார். அப்போதுதான் போன் அடித்தது.

“ஓடு பிள்ளை! அம்மா வாறா எண்டு சொல்லு. வேற ஒண்டும்...”

நான் அதற்குள் பாதித் தூரம் போய்விட்டேன்.

“அண்ணை, நான்தான்!”

“அம்மா எங்கை? அப்பா என்ன சொன்னவர்? கெதியாச் சொல்லு, வான் வந்து நிக்குது.”

“அம்மா வாறா. அண்ணை, நான் ஒரே எறியிலை முழுத் தேங்காய் விழுத்தினனான்! அம்மா அதைப் பிள்ளையாருக்கு உடைச்சவா.”

 “உடைச்சாச்சோ?” என்றார் அண்ணை.

“ஓம், இப்பதான்!”

“வடிவாச் சிதறினதோ?”

“நாலு பக்கமும் அண்ணை!”

அண்ணை சிரித்தார். “அப்ப சரி. நான் வெளிக்கிட்டிட்டன் எண்டு அம்மாட்டைச் சொல்லு.”

“ஓம்” என்றேன். வெட்டிவிட்டது.

எங்கள் வீட்டில் பயணத்துக்குச் சம்மதம் என்று ஒருவரும் வாயால் சொல்வதில்லை. தேங்காய் உடைத்தால் பயணம். நாங்கள் மூன்று பேரும் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்கும், சந்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் அடித்துத்தான் எங்களை அனுப்பினார் அண்ணை. அவருக்கு வேறு என்ன விளக்கம் வேண்டும்?

மூச்சிரைக்க வந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் பெருமையாய்ச் சொன்னேன். அம்மா என் கையிலிருந்த போனைப் பறித்து, அதற்குள் அண்ணையைத் “தம்பி, தம்பி” என்று கூப்பிட்டார். பிறகு செருப்பும் இல்லாமல் ஷெட்டுக்கு ஓடினார். முதலாளி அன்றைக்குத்தான் முதல்முறை தன் போனைத் தந்தார். அப்பா லொட்ஜுக்கு எடுத்தார். வான் போய் அரை மணித்தியாலம் என்றார்கள்.

அந்த வானில் ஏறின ஒருத்தரிடமிருந்தும் இன்றுவரை ஒரு வரி இல்லை. இருக்கிறாரோ இல்லையோ என்று தெரியாமல் ஒரு திவசம் கொடுக்கவும் முடியாமல் அப்பா போய்ச் சேர்ந்தார், பிறகு அம்மாவும் போனார். இரண்டு பேரும் ஒருநாளாவது என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன்.

தேங்காய் உடைத்த அடுத்த நாள் காலையில் அந்தக் கிழவர் எங்கள் வாசலுக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, உன் அம்மா அழுததைக் கண்டேன், நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, என் தமையன் இருந்திருந்தால் கோபித்திருக்க மாட்டான், அம்மாவைப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் அவர் முகத்துக்கு நேரே கதவை அடித்துச் சாத்தினேன். உள்ளே, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த அம்மாவிடம் போய், “அந்தக் கிழவனைத் துரத்திப்போட்டன் அம்மா, இனி நீங்கள் அழத் தேவையில்லை,” என்றேன்.

அம்மா அழுகையை நிறுத்தவில்லை. கிழவனுக்கு நான் செய்தது போதாதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.